ஜமால் பாய் மெஷின்ல ஊத்துன தண்ணி

புதுசா சேந்திருக்கற உங்க நாலு பேருக்கும் வணக்கம். மொதலாளி ஃபோன் பண்ணி, "ரிட்டயர் ஆயி சும்மா தானே இருக்கீங்க, வந்து புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்த சொல்லிட்டு போங்க"ன்னாரு. நான் சும்மா இருக்கறேன்னு அவருக்கு யாரு சொன்னதுன்னு தெரியல. எங்க வூட்டம்மாவா தான் இருக்கும்.

என் படிப்ப மொதல்லயே சொல்லிடறேன். ஆறாங்கிளாஸ். அதயும் ரெண்டு வருஷம் படிச்சேன். ரெண்டாவது வருஷக் கடைசில வாத்தியாரே "உனக்கும் போதும், எனக்கும் போதும்"னு அனுப்பி வெச்சிட்டாரு. நீங்கல்லாம் டிப்ளமோ, டிகிரின்னு வெச்சிருக்கீங்க. அதனால பிரஷர் எப்படி ஏத்தறது, ரீடிங் எப்படி பாக்கறதுன்னு நான் பேசப் போறதில்ல. அதெல்லாம் உங்க ஃபோன்லயே வீடியோவா கெடக்குது. நான் பேசப் போறது நான் பண்ண தப்பப் பத்தி. அந்தப் பாடத்துல இந்த ஊர்ல என்னை வுட்டா ஆள் கெடையாது.

இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நெல்லித்தோப்புல ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தேன். மொதலாளி ஒரு நாளு தூங்கச் சொல்ல மூஞ்சில மாட்டிக்கற இந்த மெஷினக் காட்டி, "இது உனக்கு வருமா?"ன்னாரு. மோட்டாரு இருந்துது, காத்து வந்துது. "ஃபிரிட்ஜுக்குத் தம்பி மாரி தான் இருக்கு, வரும்"னுட்டேன். மாஸ்க்க டியூபோட வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி நானே மாட்டிப் பாத்தேன். கண்ணாடில பிள்ளையாரு நிக்கறாரு. எங்க வூட்டம்மா, "இருங்க, கொழுக்கட்டைக்கு மாவு பெசையறேன்"னா. அப்படித் தான் ஆரம்பிச்சுது. அப்பறம் பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கற சொல்தா வூடு, குருசுக்குப்பத்துல எங்க ஆளுங்க மீன் காய வெக்கற வூடு, எல்லா எடத்துலயும் நான் தான் போயி மாட்டியிருக்கேன்.

கஸ்டமர் கிட்ட சொல்ற மாரியே உங்களுக்கும் ஒரு தடவ சொல்லிடறேன். அப்ப தான் எனக்குக் கோர்வையா வரும். சில பேருக்குத் தூக்கத்துல தொண்ட மூடிக்கும். மூச்சு நின்னு நின்னு வரும். படுக்கைல ஒடம்பு மூச்சுக்குச் சண்ட போடும், பகல்ல உக்காந்த எடத்துல சாஞ்சிடும். நம்ம மெஷின் டியூப் வழியா காத்தத் தள்ளி தொண்டைய மூட வுடாம வெக்கும். வெறும் காத்துன்னா மூக்கு காஞ்சி போவும்னு ஒரு தண்ணி டப்பா வெச்சிருக்கான். அந்தத் தண்ணிய வெதுவெதுன்னு சூடு பண்ணி ஈரக் காத்தா அனுப்பும். மோட்டாரு கெட்டுப் போச்சுன்னா ஆளு கொறட்ட வுடுவாரு, அவ்வளவு தான். தண்ணி கெட்டுப் போச்சுன்னா அது நேரா நெஞ்சுக்குள்ள போவும். இத நான் படிச்சு தெரிஞ்சிக்கல. ஜமால் பாய் வூட்டுல தெரிஞ்சிக்கிட்டேன்.

ஜமால் பாய் கல்யாண பிரியாணி மாஸ்டரு. முல்லா வீதி பக்கம் வூடு. ஆளு நல்ல கனம், கழுத்தும் தலையும் ஒரே சைஸு. அவருக்கு இந்தத் தொண்ட மூடற வியாதி. எந்த அளவுக்குன்னா, அடுப்புல தேக்சா அண்டாவ ஏத்தி மசாலாவ கிண்டிக்கிட்டு இருக்கச் சொல்லவே கரண்டியப் புடிச்சபடி நின்னுக்கிட்டே தூங்கிடுவாரு. கூட வேல செய்யறவங்க ஒருத்தரு மாத்தி ஒருத்தரு அவரு தோளத் தட்டறதையே ஒரு வேலையா பாப்பாங்க. ஆளு உயரத்துக்குத் தீ எரியற எடம் அது. டாக்டரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, "ஒடனே மெஷின் மாட்டுங்க"ன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

நான் மெஷினோட போனேன். ஹால்ல நாற்காலில உக்காந்திருந்தாரு. சமையல்கட்டுக்கு ஒரு தெரச் சீல போட்டிருந்துது, அதுக்குப் பின்னாடி அவரு வூட்டம்மா, மைமூன்னு பேரு, ஏதோ வேலையா இருந்தாங்க.

"நீங்க தான் காத்து அடிக்கறவரா?"ன்னாரு பாய்.

"ஆமாம் பாய்."

"அப்ப நீங்க காத்து மாஸ்டரு. நான் பிரியாணி மாஸ்டரு. உங்க தொழிலு சொகம்யா. புளிப்பு பத்தல, உப்பு பத்தலன்னு எவனும் காத்தக் கொற சொல்ல மாட்டான்."

மெஷின மாட்டிட்டு பேச ஆரம்பிச்சேன். எனக்கு ஒரு பழக்கம். மனப்பாடமா எதனா சொல்லணும்னா கண்ண மூடிக்கணும். ஸ்கூல்ல வாய்ப்பாடு சொல்லச் சொல்ல வந்த பழக்கம். கண்ண மூடிக்கிட்டு, "டெய்லி காலைல டப்பால மிச்சம் இருக்கற தண்ணியக் கொட்டிடணும், சோப்பு போட்டு கழுவணும், கவுத்து வெச்சி காய வுடணும், மாஸ்க்க டெய்லி கழுவணும், டியூப வாரத்துக்கு ஒரு தடவ கழுவணும், தண்ணி காய்ச்சி வடிச்ச தண்ணியா பாட்டில்ல விக்கறது தான் ஊத்தணும்"னு ரயிலு மாரி ஓட்டிட்டு கண்ணத் தொறந்தேன். பாய் தாடைய மார்ல வெச்சிக்கிட்டு நல்லாத் தூங்கறாரு. நடுநடுவுல "ம்ம்"னு கேட்டுதே, சரிங்கறாருன்னு நெனச்சேன். அது கொறட்ட.

யோசிச்சுப் பாருங்க. உக்காந்தா தூங்கற வியாதின்னு சொல்லித் தான் என்னை அனுப்பியிருக்காங்க. அந்த ஆள உக்கார வெச்சி நான் பாடம் எடுத்திருக்கேன்.

தோளத் தட்டி எழுப்பி, "புரிஞ்சுதா பாய்?"னேன். "புரிஞ்சுது, புரிஞ்சுது"ன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டு கையெழுத்து போட்டாரு. மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லியிருக்கணும். மூலக்குளத்துல இன்னொரு வூட்டுல மாட்ட வேண்டியது இருந்துது, கெளம்பற அவசரம். அப்ப தான் மைமூன் அம்மா டீயோட வந்து நின்னாங்க.

"அண்ணே, நான் எதனா பண்ணணுமா?"ன்னாங்க.

"ஒண்ணும் வேணாம்மா. எல்லாம் பாய் கிட்ட சொல்லிட்டேன்."

நான் வேலைல பேசுன பேச்சுலயே மோசமான பேச்சு அது தான். கேட்டு வந்து நின்ன ஆள திருப்பி அனுப்பிட்டு, தூங்கி எழுந்தவரு கையெழுத்த வாங்கிக்கிட்டு வந்தேன்.

மொத மாசம் ஒரே கொண்டாட்டம். பாய் முழிச்சிக்கிட்டாரு. கல்யாண வூட்டுல ஆளுங்கள வெரட்டி வேல வாங்கறாராம். "முன்னாடி தூங்குவாரு, நாங்க நிம்மதியா இருந்தோம். நீங்க வந்து கெடுத்துட்டீங்க"ன்னு அவரு கிட்ட வேல செய்யற ஒருத்தரு என்னை ரோட்டுல நிறுத்திச் சொன்னாரு. ஆஃபீசுக்கு பிரியாணி பார்சல் வந்துது. லெக் பீஸக் கடிச்சிக்கிட்டே நான் தான் பெரிய டாக்டருன்னு நெனச்சிக்கிட்டேன்.

ரெண்டாவது மாசம் மைமூன் அம்மா ஃபோன் பண்ணாங்க. "அவருக்கு இருமலு வுட மாட்டேங்குது அண்ணே. மெஷின ஒரு தடவ பாருங்களேன்."

போனேன். அந்த வூடு இருக்கே, தரைல சோறு போட்டு சாப்புடலாம். மெஷின் மேல பூ வேல செஞ்ச துணி ஒண்ண போத்தி வெச்சிருந்தாங்க, பொண்ணுக்கு முக்காடு போட்ட மாரி. வெளிப்பக்கம் கண்ணாடி மாரி பளபளப்பு. "டெய்லி தொடைக்கறேன் அண்ணே"ன்னாங்க. ஃபில்டரக் கழட்டுனேன், கருப்பா இருந்துது. "அடுப்புப் பொக பாய் ஒடம்பு பூரா ஒட்டியிருக்கு, அதான்"னு சொல்லி மாத்திட்டேன். டப்பாவத் தொறக்கல. ஏன் தொறக்கலன்னா, வூடு அவ்வளவு சுத்தம். இவ்வளவு சுத்தமா இருக்கறவங்க கிட்ட டப்பாவத் தொறந்து காட்டுங்கன்னு எப்படி கேக்கறதுன்னு கூச்சம். கேட்டா தப்பா எடுத்துப்பாங்களோன்னு. அன்னிக்கு சுக்கா வேற போட்டாங்க. வாயில சுக்கா இருக்கச் சொல்ல எனக்குச் சந்தேகம் வராது.

கேட்டுக்கங்க. அழுக்கா இருக்கற வூட்டுல நாம ஒழுங்கா வேல பாத்துடுவோம். நாம ஏமாறது சுத்தமான வூட்டுல தான்.

இருமலுக்கு டாக்டரு கிட்ட போனாரு, மருந்து குடுத்தாங்க, நின்னுது. பத்து நாள்ல திரும்ப வந்துது. அப்பறம் காய்ச்சலு. அப்பறம் ஒரு நாளு மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. நிமோனியான்னாங்க. அஞ்சு நாளு உள்ள இருந்தாரு. "மெஷினக் கழுவறீங்களா?"ன்னு டாக்டரு கேட்டிருக்காரு. "டெய்லி தொடைக்கறேன்"னு இவங்க சொல்லியிருக்காங்க. அவங்க பொய் சொல்லல. கேட்டவருக்கு ஒரு அர்த்தம், சொன்னவங்களுக்கு ஒரு அர்த்தம், நடுவுல வெளக்க வேண்டிய நான் மூலக்குளம் போயிட்டேன்.

வூட்டுக்கு வந்தப்பறம் பாய் மெஷினத் தொடல. "அதப் போட்டதுல இருந்து தான் இதெல்லாம்"னு பயம். மெஷின நிறுத்துனதும் பழைய தூக்கம் வந்துடுச்சு. ஒரு கல்யாண சமையல்ல தேக்சா பக்கத்துல நின்னு சாஞ்சிட்டாரு. வெளும்புல கை பட்டு, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. பக்கத்துல இருந்தவரு சட்டையப் புடிச்சி இழுக்கலன்னா மூஞ்சே உள்ள போயிருக்கும்.

மறுநாள் காலைல எனக்கு ஃபோனு. "வந்து மெஷின எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணே."

போனேன். பாய் அதே நாற்காலில, கைல கட்டு, தூங்கிக்கிட்டு இருந்தாரு. மைமூன் அம்மா கண்ணு வீங்கியிருந்துது.

"என்னம்மா ஆச்சு?"

"போட்டா நெஞ்சு கட்டுது. போடலன்னா அடுப்புல வுழறாரு. நான் என்னண்ணே பண்றது? இனிமே அடுப்பு பக்கம் வுடாம நானே பாத்துக்கறேன். மெஷின் வேணாம்."

பாய் கண்ணத் தொறக்காமலே சொன்னாரு, "அடுப்பு பக்கம் போவாத மாஸ்டரு எதுக்கு? என்னையும் பைல போட்டு எடுத்துட்டுப் போங்க."

"நீங்க தூங்குங்க சும்மா"ன்னாங்க அவங்க.

இந்த எடத்துல ஒரு உண்மையச் சொல்லணும். எடுத்துட்டுப் போயிடலாம்னு தான் எனக்கும் தோணுச்சு. எடுத்துட்டுப் போனா கம்ப்ளைண்ட் முடிஞ்சுது. இனிமே அவரு அடுப்புல வுழுந்தாலும் எம்மேல பேச்சு வராது. உங்களுக்கும் ஒரு நாளு இந்த மாரி ஒரு வூட்டுல நிக்க வேண்டி வரும். கஸ்டமரே வேணாம்னு சொல்லுவாங்க, உங்களுக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருக்கும். அந்த அப்பாடா வரச் சொல்ல ஜாக்கிரதையா இருங்க.

நான் ஜாக்கிரதையா எல்லாம் இல்ல. பைய விரிச்சி வெச்சி மெஷின அப்படியே தூக்குனேன். டப்பாவக் கழட்டிட்டு தான் தூக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நானு. சாஞ்சுது. டப்பாத் தண்ணி பாதி என் பேண்ட் மேல, மீதி தரைல. ஒரு நாத்தம். மழத்தண்ணி தேங்குன தொட்டிய கிண்டுன மாரி. பேண்ட்ல கொழகொழன்னு என்னமோ ஒட்டுது. காலத் தூக்கி நகர்ந்துக்கப் போனேன்.

"மிதிச்சிடாதீங்க அண்ணே"ன்னு என் கணுக்காலக் கையால புடிச்சிட்டாங்க.

நான் ஒத்தக் கால்ல கொக்கு மாரி நிக்கறேன். அவங்க தரைல மண்டி போட்டு அந்தத் தண்ணியத் தொடைக்கறாங்க. தரைய தொடைக்கற துணி சமையல்கட்டு வாசல்லயே இருக்குது. அத எடுக்கல. தன் முந்தானையால தொடைக்கறாங்க, ஒரு சொட்டு வுடாம.

அங்க தான் எனக்கு உறைச்சுது. சாதா தண்ணிய யாரும் முந்தானையால தொடைக்க மாட்டாங்க.

மெதுவா காலக் கீழ வெச்சி, நானும் தரைல உக்காந்தேன். "இது என்ன தண்ணிம்மா?"

"சாதா தண்ணி தான்."

"சொல்லும்மா. நான் யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்." இப்ப உங்க கிட்ட சொல்றது அவங்களயே கேட்டுட்டு தான்.

முந்தானைய இன்னும் அழுத்தித் தொடைச்சாங்க. எங்க நான் சிரிச்சிடுவேனோன்னு பயம் அந்த மொகத்துல. அந்த நேரத்துல என்ன பேசறதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. வாயில வந்தத பேசுனேன்.

"எனக்கு நாலு வயசு வரைக்கும் பேச்சே வரலம்மா. எங்கம்மா குருசுக்குப்பத்துல இருந்து இடுப்புல வெச்சி தூக்கிக்கிட்டு வந்து உங்க பள்ளிவாசலு வாசல்ல நிப்பாங்களாம். சாயங்காலத் தொழுக முடிஞ்சி வெளிய வர்றவங்க எல்லாரும் என் மூஞ்சில ஊதிட்டுப் போவாங்க. கைல சொம்புத் தண்ணி, அதுலயும் ஊதுவாங்க. அதக் குடிச்சி வளந்தவன் நானு. இப்ப வாய மூட மாட்டேங்கறானேன்னு எங்க வூட்டம்மா அழுவறாளே, அதுக்கு உங்க ஆளுங்க தான் ஜவாப்தாரி."

அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிப்போடவே அழுவையும் வந்துடுச்சு. அப்பறம் சொன்னாங்க. மெஷின் வூட்டுக்கு வந்த மொத வெள்ளிக்கிழமையே பெரிய பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்காங்க. வாசல்ல நின்னு, வெளிய வர்றவங்க ஒவ்வொருத்தரு கிட்டயும் நீட்டி ஓதி ஊத வெச்சி வாங்கியிருக்காங்க. வாராவாரம் அப்படியே. அந்தத் தண்ணிய தான் டப்பால ஊத்தியிருக்காங்க. தூக்கத்துல அவரு இழுக்கற ஒவ்வொரு மூச்சுலயும் அந்த ஓதுன தண்ணி போவட்டும்னு.

"காலைல மிச்சத்த என்னம்மா பண்ணுவ?"

"அத எப்படிண்ணே சாக்கடைல கொட்டறது? ஓதுன தண்ணிய. மேலயே ஊத்திடுவேன். கொறஞ்சா கொறஞ்ச அளவுக்கு."

அதாவது மொத வெள்ளிக்கிழம ஊத்துன தண்ணி அடில அப்படியே கெடக்குது. வாராவாரம் அத்தன பேரு வாய்க்காத்து பட்ட தண்ணி மேல மேல சேந்துக்கிட்டே இருந்திருக்கு. டெய்லி மெஷின் அத வெதுவெதுன்னு சூடு பண்ணி வெச்சிருக்கு. தயிருக்கு ஒற ஊத்தி வெக்கற மாரி. அதோட ஈரம் டியூப் வழியா நேரா அவரு நெஞ்சுக்குப் போயிருக்கு.

நான் டப்பாவக் கைல எடுத்தேன். வெளிய பளபளப்பு. உள்ள வழவழன்னு பழுப்பா ஒரு படலம். அவங்க அதப் பாத்தாங்க. மேல இருக்கற ஓட்ட வழியா ஊத்தறதோட சரி, உள்பக்கத்த அவங்க அது வரைக்கும் பாத்ததே இல்ல. குரல எறக்கிக் கேட்டாங்க.

"அண்ணே. என்னால தான் அவருக்கு வந்துதா?"

என்னோட சர்வீஸ்ல எத்தனையோ கேள்வி கேட்டிருக்காங்க. எதனா ஜோக் அடிச்சி தப்பிச்சிடுவேன். இதுக்கு அடிக்க முடியல. ஆமாம்னு சொன்னா, அந்தம்மா சாவற வரைக்கும் அந்த ஒரு வார்த்தையோட தான் இருப்பாங்க. இல்லன்னு சொன்னா, நாளைக்கு மறுபடியும் அதே தண்ணிய ஊத்துவாங்க. ரெண்டுல எதச் சொன்னாலும் யாராவது ஒருத்தருக்கு அடி.

"அது எனக்குத் தெரியாதும்மா"ன்னேன். "அடிச்சி சொல்ல டாக்டராலயே முடியுமோ என்னமோ. இதுல இருந்தும் வந்திருக்கலாம், வேற எதுல இருந்தும் வந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு தான். எந்தத் தண்ணியா இருந்தாலும், கொட்டாம கழுவாம சூட்டுல வெச்சா கெட்டுப் போவும். நான் கோயிலு தண்ணி வெச்சிருந்தாலும் இதே தான் ஆயிருக்கும். பாட்டில்ல விக்கற தண்ணிய வெச்சிருந்தாலும் இதே தான். கொட்டணும், கழுவணும்னு சொல்ல வேண்டியவன் நானு. நீ வந்து நின்னு கேட்ட. நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு டீயக் குடிச்சிட்டு போயிட்டேன். கணக்கு பாத்தா மொத தப்பு என்னுது."

நாற்காலில இருந்து பாய் குரலு வந்துது. "ரெண்டாவது என்னுது. அவரு சொல்லச் சொல்ல நான் தூங்கிட்டேன் மைமூனு. எழுப்பிக் கேட்டாரு. தெரிஞ்ச மாரி தலைய ஆட்டிட்டேன்." கண்ணு மூடித் தான் இருந்துது. ஆனா எல்லாத்தயும் கேட்டிருக்காரு. கட்டு போடாத கைய நீட்டி, "இங்க வா, எந்திரி"ன்னாரு.

அவங்க எந்திரிச்சி போயி அந்தக் கையப் புடிச்சிக்கிட்டாங்க. நான் சீலிங் ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த வூட்டு ஃபேன்ல கூட தூசி இல்ல.

அப்பறம் மெதுவா சொன்னேன். "ஓதுன தண்ணி வாங்கறத நிறுத்தச் சொல்லலம்மா. அது மெஷினுக்கு வேணாம். மெஷின் குடிக்காது, ஊதும்."

"ஆமாம். அவருக்குத் தானே ஓதறது. இந்த டப்பாக்கு இல்லையே"ன்னாங்க. நான் அர மணி நேரம் பேசி சொல்லியிருக்க வேண்டியத ஒரு வரில முடிச்சிட்டாங்க. "இதுல மிச்சம் இருக்கறத என்ன பண்றது?"

நான் பாட்டுக்கு பாத்ரூம் பக்கம் திரும்புனேன். அவங்க மொகத்தப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். "நீயே சொல்லும்மா"ன்னேன்.

மாடில தொட்டில ஒரு மருதாணிச் செடி வெச்சிருந்தாங்க. கால் படாத எடம். அதுக்குப் போயி ஊத்துனாங்க. முந்தானையையும் அங்கயே பிழிஞ்சாங்க. நான் ஈரப் பேண்டோட பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன், பிழியறதுக்கு எனக்கு வழி இல்ல.

அங்க இருந்தே டாக்டருக்கு ஃபோன் பண்ணேன். "ஓதுன தண்ணின்னு சொல்லிடாதீங்க அண்ணே, சிரிப்பாங்க"ன்னு கையக் காட்டறாங்க. டாக்டருக்கு எது தெரியணுமோ அத சொன்னேன். "தண்ணி மாத்தவே இல்ல சார். மூணு மாசத்துத் தண்ணி. வெளிய இருந்து கொண்டு வந்தது, பல பேரு வாய்க்காத்து பட்ட தண்ணி. உள்ள பாசி மாரி புடிச்சிருக்கு"ன்னேன். பாய அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொன்னாரு. மெஷின், டப்பா, டியூப், மாஸ்க் எல்லாத்தயும் மாத்தச் சொன்னாரு. நெஞ்ச அவரு கேட்டுப் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் போடக் கூடாதுன்னுட்டாரு. இதுல நம்ம வேல எது, அவரு வேல எதுன்னு குழப்பிக்காதீங்க. எப்ப திரும்பப் போடலாம்னு சொல்றது நம்ம வேல இல்ல. பாத்தத பாத்தபடி அவரு காதுல போடறது நம்ம வேல. அதுல மறைக்காதீங்க. அவருக்குத் தேவயில்லாத மானத்தயும் எடுத்து வெளிய வெக்காதீங்க.

டாக்டரு சரின்னப்பறம் புதுச எடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவ கண்ண மூடல. பேசவும் இல்ல. டப்பாவ மைமூன் அம்மா கைல குடுத்து, "நீ கழுவும்மா, நான் பாக்கறேன்"னேன். கழுவுனாங்க. எனக்கே தெரியாத மூலைல எல்லாம் வெரலு வுட்டு கழுவுனாங்க. அன்னில இருந்து எந்த வூட்டுக்குப் போனாலும் மொதக் கேள்வி இது தான், "இந்த வூட்டுல பாத்திரம் கழுவறது யாரு?" அவங்கள கூப்புட்டு உக்கார வெச்சி தான் பொட்டியவே பிரிப்பேன். சில வூட்டுல வேலைக்காரம்மா வருவாங்க. வயசான ஐயரு ஒருத்தரு நானே தான்பா கழுவறேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வந்தாரு. மாட்டிக்கறவங்க தூங்கப் போறவங்க. கழுவறவங்க தான் நம்ம ஆளு.

அதே மாரி டப்பாவத் தொறந்து பாக்க கூச்சப்படாதீங்க. என்ன தண்ணி ஊத்தறீங்கன்னு கேக்கச் சொல்ல, தப்பக் கண்டுபுடிக்கற போலீஸ் மாரி கேக்காதீங்க. அந்தத் தண்ணில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கிருமியும் இருக்கும், ஒருத்தங்களோட உசுரும் இருக்கும்.

ஒரு மாசம் கழிச்சி செக்கிங்குக்குப் போனேன். நல்ல வெயிலு. பாய் வூட்டுல இல்ல. காலாப்பட்டுல ஒரு கல்யாணம், விடியக்காலைலயே போயிட்டாராம். இருமலு இல்ல, காய்ச்சலு இல்ல. "ஃபோன் பண்ணா எடுக்கறாரு அண்ணே. எடுத்து என்னையே திட்டறாரு, வேல நேரத்துல பேசறியான்னு"ன்னு சந்தோஷமா சொன்னாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாடியே டப்பாவ எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டுனாங்க. "மோந்து பாருங்க." மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. அவ்வளவு சந்தோஷமா நான் எதயும் மோந்ததில்ல, பிரியாணிய சேத்து தான் சொல்றேன்.

கெளம்பச் சொல்ல ஒரு டம்ளரு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க. நேத்து வெள்ளிக்கிழம, உங்களுக்கும் சேத்து தான் ஊதி வாங்கிட்டு வந்தேன்."

டம்ளருக்குள்ள பாத்தேன். வெள்ளிக்கிழம பள்ளிவாசல்ல எவ்வளவு கூட்டம்னு எனக்கு நல்லாத் தெரியும். அதுல எத்தன பேருக்கு சளி இருந்துதோ தெரியாது. ஊரெல்லாம் போயி கிருமி கிருமின்னு கத்தறவன் நானு. அவங்க எதுத்தாப்புல நின்னு, நான் குடிக்கறனான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.

குடிச்சேன். ஒரு சொட்டு வுடாம குடிச்சேன். இத நீங்க பாடமா எடுத்துக்க வேணாம், நீங்க வேற எதனா பண்ணிக்கங்க.

அவங்க டம்ளர வாங்கிக்கிட்டுப் போயி சோப்பு போட்டு தேச்சாங்க. ரெண்டு தடவ அலசுனாங்க. ஜன்னலோரமா விரிச்சிருந்த துண்டு மேல, மாஸ்க்குக்கும் டப்பாவுக்கும் நடுவுல, கவுத்து வெச்சாங்க.